வாழையின் குரோமோசோம் தொகுதிகளைக் கண்டறிதல்: தோட்டத்திலிருந்து நுண்ணோக்கி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாம் உண்ணும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கான காரணத்தில் பெரும்பகுதி, அந்தச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் கூடுதலாக அமைந்திருக்கும் ஒரு குரோமோசோம் தொகுதியில் அடங்கியிருக்கிறது. மனிதரின் உடல் செல்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு தொகுதிகள் உள்ளன. இதனை இருமயம் என்கிறோம். மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ இருந்தால் அது பன்மயம். விலங்குகளில் பன்மயம் குறைவு. செடிகளில் அது மிகப் பரவலானது. ரொட்டிக்கான கோதுமையில் ஆறு தொகுதிகளாக 42 குரோமோசோம்களும், உருளைக்கிழங்கில் நான்கு தொகுதிகளாக 48 குரோமோசோம்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பயிராகும் வாழை வகைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதிகள் கொண்ட மும்மயச் செடிகள்.

பன்மயத்தைப் படிக்க விரும்பும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் வாழையைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கோதுமையின் பன்மயத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாழையில் அதன் பெரும்பகுதியைக் கொல்லைப்புறத்தில் நின்றபடியே வாசிக்கலாம், மீதியைக் கல்லூரி ஆய்வகத்தின் சாதாரண நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். இந்த வழிகாட்டி, ஒரு வாழை மரத்தை எடுத்துக்கொண்டு, அதில் எந்தெந்த மூல இனங்களின் தொகுதிகள் உள்ளன, அவை எத்தனை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. முதல் கேள்விக்கான விடையைச் செடியின் தோற்றம் தரும். இரண்டாவதற்கான விடையைக் குரோமோசோம் எண்ணிக்கை தரும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிவுக்கு வருவதே இத்துறையில் பிழைகளுக்கு முதற்காரணம் என்பதால், இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

தொடங்குமுன் தெளிய வேண்டியவை

வாழையின் அடிப்படைத் தொகுதியில் 11 குரோமோசோம்கள் உள்ளன. ஆகவே இருமய வாழையில் 22, மும்மய வாழையில் 33, நான்மய வாழையில் 44 என்று எதிர்பார்க்கலாம். உண்ணத்தகுந்த வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டு இனங்களின் வழிவந்தவை. ஒன்று மூசா அக்யூமினேட்டா. தென்கிழக்கு ஆசியாவையும் நியூ கினியையும் உள்ளடக்கிய பெரும் பரப்பில் இயற்கையாக வளர்வது. மற்றொன்று மூசா பால்பிசியானா. இந்தியாவின் வடகிழக்கு உட்பட, ஒப்பளவில் வறட்சியைத் தாங்க வேண்டிய இடங்களிலும் வளரும் உறுதியான செடி. முதல் இனத்தின் தொகுதியை ‘ஏ’ என்றும் இரண்டாவதன் தொகுதியை ‘பி’ என்றும் குறிப்பது வழக்கம். எனவே ஏஏபி என்று எழுதினால் மொத்தம் மூன்று தொகுதிகள், அவற்றுள் இரண்டு அக்யூமினேட்டாவினுடையவை, ஒன்று பால்பிசியானாவினுடையது என்று பொருள்.

இந்தக் குறியீட்டுக்கு முன்பு வாழைக்கு வழங்கிய அறிவியல் பெயர்கள் பெரும் குழப்பத்தை விளைவித்தன. கார்ல் லின்னேயஸ் 1753இல் மூசா பாரடிசியாக்கா என்றும் 1759இல் மூசா சேபியன்டம் என்றும் பெயரிட்டவை உண்மையில் தனி இனங்களே அல்ல. இரண்டும் ஏஏபி கலப்பினங்கள். 1940களின் இறுதியில் தாவரவியலாளர் எர்னஸ்ட் சீஸ்மன் இதைத் தெளிவுபடுத்தினார். 1955இல் நார்மன் சிம்மண்ட்ஸும் கென்னத் ஷெப்பர்டும் தொகுதி அடிப்படையிலான வகைப்பாட்டை முன்வைத்தனர். இருந்தும் இன்றுவரை பல பாடநூல்கள் பழைய பெயர்களையே அச்சிட்டுவருவது வருத்தத்திற்குரியது. மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஏஏபி என்ற மூன்றெழுத்து எதைக் குறிக்கிறது என்று அறிவது பல மடங்கு பயனுடையது.

மூன்றாவது தொகுதி எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே அறிந்துகொள்வது நல்லது. இனச்செல்கள் உருவாகும்போது குன்றல் பகுப்பு நடந்து குரோமோசோம் எண்ணிக்கை பாதியாக வேண்டும். 22 குரோமோசோம்கள் கொண்ட செடி 11 கொண்ட இனச்செல்லைத் தர வேண்டும். சில வேளைகளில் இந்தப் பகுப்பு தடைப்பட்டு, 22 குரோமோசோம்களையும் அப்படியே தாங்கிய குறையாத முட்டை ஒன்று உருவாகிறது. அதனுடன் 11 குரோமோசோம்கள் கொண்ட இயல்பான மகரந்தம் சேர்ந்தால் 33. ஏபி என்ற இருமயக் கலப்புச் செடியின் குறையாத முட்டை, ஏ தொகுதி கொண்ட மகரந்தத்தைப் பெற்றால் ஏஏபி ஆகும். பி தொகுதி கொண்ட மகரந்தத்தைப் பெற்றால் ஏபிபி ஆகும்.

இவ்வாறு பிறந்த மும்மயச் செடி குன்றல் பகுப்பை நடத்த முற்படும்போது, இணைசேர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் மூன்று படிகள் இருக்கின்றன. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க வழியில்லாததால் இனச்செல்களில் பெரும்பாலானவை முறையற்ற எண்ணிக்கையுடன் பயனற்றுப்போகின்றன, விதை உருவாவதில்லை. விதை இல்லாமலும் சதை வளர்வதற்கு மும்மயம் காரணமன்று. அது கருவுறாக்கனி என்னும் தனிப்பண்பு, அதற்கான மரபணுக்கள் உண்ணத்தகுந்த இருமய வாழைகளிலேயே உள்ளன. மும்மயமும் கருவுறாக்கனியும் ஒன்றே என்று பலர் எழுதுகிறார்கள்; இரண்டையும் பிரித்தறிந்தால்தான், கன்னியாகுமரி மாவட்டத்தின் மட்டி வாழை இருமயமாக இருந்தும் ஏன் விதையின்றிக் காய்க்கிறது என்பது விளங்கும்.

படி 1: மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

தோற்றப் பண்புகளை மதிப்பிடுவதற்கு, குலை தள்ளி, கடைசிச் சீப்பு வெளிப்பட்ட பின்னும் பூ வெட்டப்படாமல் இருக்கும் மரம் தேவை. விவசாயிகள் சீப்புகள் வெளிவந்தவுடன் பூவை ஒடித்துவிடுவது வழக்கம் என்பதால், தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி ஒன்றிரண்டு மரங்களில் மட்டும் பூவை விட்டுவைக்கச் செய்ய வேண்டும். அடுத்த படியில் நாம் மதிப்பெண் இடப்போகும் பதினைந்து பண்புகளில் பெரும்பாலானவை பூவிலேயே இருக்கின்றன. பூ இல்லாத மரத்தை வைத்து மதிப்பெண் போட முயல்வது வீண்வேலை.

ஒரே வகையில் நலமான மூன்று மரங்களையாவது பாருங்கள். நோயுற்றது, நிழலில் நின்று வெளிறியது, நீரின்றி வாடியது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்; நிறம் சார்ந்த பண்புகள் அவற்றில் ஏமாற்றும். உள்ளூர்ப் பெயரை எழுதிக்கொள்ளும்போது ஊரையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் பூவன் என்று வழங்குவது கேரளத்தில் பாளையங்கோடன். அங்கே பூவன் என்று கேட்டால் கிடைப்பது நமது ரஸ்தாலி. நமது நெய்ப்பூவன் அங்கே ஞாலிப்பூவன், கர்நாடகத்தில் ஏலக்கி. பெயரை மட்டும் நம்பி ஒரு தொகுப்பில் சேர்த்தால், ஒரே வகை மூன்று முறையும், வேறுவேறு வகைகள் ஒரே பெயரிலும் பதிவாகிவிடும்.

முதல் பயிற்சிக்கு, தொகுதி அமைப்பு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த மூன்று வகைகளை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ரோபஸ்டா ஏஏஏ, பூவன் அல்லது ரஸ்தாலி ஏஏபி, மொந்தன் அல்லது கற்பூரவல்லி ஏபிபி. இம்மூன்றையும் அருகருகே பார்த்துக் கண் பழகிய பிறகே, தெரியாத மரத்தை மதிப்பிட வேண்டும்.

படி 2: பதினைந்து பண்புகளுக்கு மதிப்பெண் இடுதல்

சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு முறையில் ஒவ்வொரு பண்பும் முழுக்க அக்யூமினேட்டாவைப் போல இருந்தால் 1, முழுக்கப் பால்பிசியானாவைப் போல இருந்தால் 5, இடைப்பட்டதாக இருந்தால் நெருக்கத்தைப் பொறுத்து 2, 3 அல்லது 4 மதிப்பெண் பெறும். ஆகவே குறைந்த அளவு மொத்தம் 15, அதிக அளவு மொத்தம் 75. மேலிருந்து கீழாகச் சீராகப் பட்டியலிடுவதைவிட, தோட்டத்தில் நாம் பார்க்கும் வரிசையிலேயே அவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பொய்த்தண்டு. அக்யூமினேட்டாவின் தண்டில் பழுப்பு அல்லது கருநிறத் திட்டுகள் மிகுதியாக இருக்கும். பால்பிசியானாவில் அவை மிகக் குறைவு அல்லது இல்லை. அடுத்து, இலைக்காம்பின் மேற்புறத்தில் ஓடும் வாய்க்காலைப் பாருங்கள். அதன் விளிம்புகள் நிமிர்ந்தோ வெளிப்புறம் விரிந்தோ இருந்து, அடிப்பகுதியில் காய்ந்த சவ்வு போன்ற சிறகுகளுடன் தண்டைத் தழுவாமல் நின்றால் 1. விளிம்புகள் உட்புறமாக மூடி, சிறகின்றித் தண்டை இறுகப் பற்றியிருந்தால் 5. இந்த வாய்க்கால் பண்பு மிகவும் நம்பத்தக்கது. பூ இல்லாத மரத்திலும் இதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஏபிபி வகையான மொந்தனின் காம்பைக் குறுக்காக வெட்டினால், வாய்க்கால் ஏறத்தாழ மூடிய குழாயாகவே தெரியும்.

குலைத்தண்டை விரலால் தடவிப் பாருங்கள். மென்மயிர் தட்டுப்பட்டால் அக்யூமினேட்டாவின் பக்கம்; வழவழப்பாக இருந்தால் பால்பிசியானாவின் பக்கம். காயைச் சீப்போடு இணைக்கும் சிறுகாம்பு குட்டையாக இருந்தால் 1, நீளமாக இருந்தால் 5. பிஞ்சுக் காய் ஒன்றை நெடுக்காக வெட்டி, கைவில்லையால் சூலறைக்குள் நோக்கினால், அக்யூமினேட்டாவில் சூல்கள் ஒழுங்கான இரு வரிசைகளாகவும் பால்பிசியானாவில் ஒழுங்கற்ற நான்கு வரிசைகளாகவும் இருக்கக் காணலாம். இதற்குப் பிஞ்சு மிக இளையதாக இருக்க வேண்டும். முற்றிய காயில் வரிசை புலப்படாது.

இனி வாழைப்பூவின் மடல்கள். ஏழு பண்புகள் இவற்றைச் சார்ந்தவை, அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இதுதான். மடல் அடியை ஒட்டியே அகலமாகி, உயர்ந்த தோள் போல வளைந்தால் 1. தோள் தாழ்ந்திருந்தால் 5. திறந்த மடல் பின்புறமாகச் சுருண்டுகொண்டால் 1. மேலே உயர்ந்தும் சுருளாமல் நின்றால் 5. மடலின் வடிவம் தோளிலிருந்து சட்டென ஒடுங்கும் ஈட்டி போன்றதா, அல்லது அகன்ற முட்டை வடிவமா என்பது மூன்றாவது. நுனி கூர்மையானதா, மழுங்கியதா என்பது நான்காவது. ஐந்தாவது நிறம்: அக்யூமினேட்டாவின் மடல் வெளிப்புறம் சிவப்பு, மங்கிய ஊதா அல்லது மஞ்சளாகவும், உட்புறம் இளஞ்சிவப்பு, மங்கிய ஊதா அல்லது மஞ்சளாகவும் இருக்கும்; பால்பிசியானாவினது வெளிப்புறம் பழுப்பு கலந்த தனித்த ஊதாவாகவும், உட்புறம் பளிச்சென்ற செந்நிறமாகவும் இருக்கும். ஆறாவதாக, உட்புற நிறம் அடியை நோக்கி மஞ்சளாக மங்குகிறதா, அடிவரை ஒரே சீராகத் தொடர்கிறதா என்று பாருங்கள். மங்கினால் 1, தொடர்ந்தால் 5. ஏழாவது, மடல் உதிர்ந்த பின் தண்டில் எஞ்சும் தழும்பு: புடைத்திருந்தால் 1, புடைப்பே தெரியாவிட்டால் 5.

கடைசியாக ஆண் பூக்கள். சமையலுக்கு வாழைப்பூ ஆய்பவர்கள் ஒவ்வொரு பூவிலிருந்தும் ‘கள்ளன்’ என்னும் விறைப்பான தண்டையும், கண்ணாடி போன்ற மெல்லிய சிறு இதழையும் நீக்கி எறிவார்கள். நமக்கு வேண்டியவை அந்த இரண்டுமே. கண்ணாடி போன்ற இதழின் நுனிக்குக் கீழே சுருக்கங்கள் இருந்தால் அக்யூமினேட்டாவின் இயல்பு. சுருக்கமின்றி இருந்தால் பால்பிசியானாவின் இயல்பு. கள்ளனின் தலைப்பகுதியான சூல்முடி ஆரஞ்சு அல்லது அடர் மஞ்சளாக இருந்தால் 1. வெளிர் மஞ்சள், பாலேடு நிறம் அல்லது வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தால் 5. பூ முழுவதும் பாலேடு போன்ற வெண்மையாக இருந்தால் 1. அதில் இளஞ்சிவப்புச் சாயல் படர்ந்திருந்தால் 5. இவற்றை அன்று காலை திறந்த மடலின் கீழுள்ள புதிய பூக்களில் மட்டுமே பார்க்க வேண்டும். ஒருநாள் பழையதான பூவில் நிறம் மாறிவிடும்.

இருவர் தனித்தனியே மதிப்பெண் இட்டுப் பிறகு ஒப்பிடுவது மிகவும் நல்ல பழக்கம். ஒரு பண்பில் இரண்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் மரத்திடமே திரும்பிச் சென்று மீண்டும் பார்க்க வேண்டும்; இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டு நகர்வது பிழையை மறைக்குமே தவிரத் திருத்தாது.

படி 3: மொத்த மதிப்பெண்ணைப் பொருள்கொள்ளுதல்

1955ஆம் ஆண்டு முறையின்படி, 15 முதல் 23 வரை வந்தால் ஏஏ அல்லது ஏஏஏ. 24 முதல் 46 வரை ஏஏபி. 49 அளவில் ஏபி. 59 முதல் 63 வரை ஏபிபி. 67 அளவில் ஏபிபிபி. தாய்லாந்து ஆய்வாளர்களான சிலாயோயும் சோம்சாலோவும் 1987இல் இதைச் சற்றுத் திருத்தி, முதல் வரம்பை 25 வரை நீட்டியதோடு, 70 முதல் 75 வரை வருவனவற்றைத் தூய பால்பிசியானா வழியினவாகக் கொண்டனர்.

எடுத்துக்காட்டாக, பெயர் தெரியாத ஒரு மரம் 61 பெற்றது என்று கொள்வோம். அது ஏபிபி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்; ஏனெனில் அந்த வரம்புக்கு இருபுறமும் இடைவெளி உள்ளது. அதே மரம் 47 பெற்றிருந்தால் ஏஏபியா, ஏபியா என்று தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 18 பெற்றிருந்தால் பால்பிசியானாவின் கலப்பு இல்லை என்பது தெளிவு. ஆனால் அது 22 குரோமோசோம்கள் கொண்ட ஏஏவா, 33 கொண்ட ஏஏஏவா என்பதை இந்த முறை சொல்லவே சொல்லாது. மட்டியும் செவ்வாழையும் இரண்டுமே முதல் வரம்பில்தான் அமையும். முன்னது இருமயம், பின்னது மும்மயம். மேலும், செவ்வாழை போன்று தண்டிலும் காம்பிலும் செந்நிறம் மிகுந்த வகைகளில் நிறப் பண்புகளைக் கூடுதல் கவனத்துடன் மதிப்பிட வேண்டும்.

படி 4: எண்ணும் முன் கண்ணுக்குக் கிடைக்கும் சான்றுகள்

தொகுதிகள் கூடும்போது செல்கள் பெரிதாவது பன்மயச் செடிகளின் பொதுவான இயல்பு. இதனை இலைத்துளைகளில் எளிதாகக் காணலாம். இலையின் அடிப்புறத்தில் உள்ள வெண்பொடி மெழுகைப் பஞ்சால் மென்மையாகத் துடைத்துவிட்டு, நிறமற்ற நகப்பூச்சை மெல்லிய பூச்சாகத் தடவிக் காயவிடுங்கள். ஒளிபுகும் ஒட்டுநாடாவால் அதை உரித்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களின் பதிவு தெளிவாகத் தெரியும். மும்மயத்தில் காப்புச் செல்கள் நீளமாகவும், ஒரே பரப்பில் துளைகள் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். நான்மயத்தில் இது இன்னும் மிகும்.

இந்த ஒப்பீடு செல்லுபடியாக வேண்டுமெனில், எல்லா மரங்களிலும் மேலிருந்து மூன்றாவது முழு இலையின் நடுப்பகுதியிலிருந்தே பதிவு எடுக்க வேண்டும்; வெயிலும் நீரும் துளைகளின் அடர்த்தியை மாற்றும் என்பதால் ஒரே தோட்டத்து மரங்களையே ஒப்பிட வேண்டும். நெய்ப்பூவனையும் ரோபஸ்டாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. இலைகள் நிற்கும் நிலையும் ஒரு குறிப்பைத் தரும்: இருமய வாழைகளில் இலைகள் நிமிர்ந்தும், மும்மயத்தில் ஓரளவு வளைந்தும், நான்மயத்தில் நன்கு தொங்கியும் இருக்கும். இவை யாவும் சான்றுகளே. தீர்ப்பு வேர்நுனியில்தான் கிடைக்கும்.

படி 5: வேர்நுனியிலிருந்து குரோமோசோம்களை வெளிக்கொணர்தல்

வாழையின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. ஆகவே இதுவரை இந்த வேலையைச் செய்யாதவர்கள் முதலில் வெங்காயத்தில் பழக வேண்டும். அதில் 16 பெரிய குரோமோசோம்கள் உள்ளன, எண்ணுவது எளிது. வெங்காயத்தில் தெளிவான தயாரிப்பு கிடைத்த பிறகே வாழைக்கு வர வேண்டும்.

வேருக்குப் பெரிய மரத்தைத் தோண்ட வேண்டியதில்லை. பக்கக்கன்று அல்லது திசுவளர்ப்புக் கன்று ஒன்றைத் தளர்வான மணல் கலந்த தொட்டியில் வளர்த்தால், சில வாரங்களில் தொட்டியின் சுவரையொட்டி வெண்மையான இளவேர்கள் ஓடும். காலை வேளையில், செல் பகுப்பு மிகுதியாக இருக்கும்போது, தடித்த வெண்ணிற வேர்களின் நுனிகளை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நீரில் கழுவுங்கள். பழுப்பேறிய நுனிகளில் பகுப்பு நடந்துகொண்டிருக்காது, அவற்றை விலக்குங்கள்.

அடுத்தது முன்பதப்படுத்தல். பகுப்பில் குரோமோசோம்கள் குறுகித் தடித்துச் செல்லின் நடுவே நிற்கும் மெட்டாபேஸ் நிலையில் செல்களை நிறுத்திவைப்பதே இதன் நோக்கம். 8-ஹைட்ராக்சிகுயினோலின் 0.002 மோலார் கரைசல், அதாவது ஒரு லிட்டர் நீரில் சுமார் 0.29 கிராம், இதற்குப் போதுமானது. இது மெதுவாகக் கரையும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் முதல்நாளே தயாரித்து வையுங்கள். நுனிகளை இக்கரைசலில் குளிர்ந்த அறையில் மூன்று நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். நேரம் குறைந்தால் குரோமோசோம்கள் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். மிகுந்தால் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். நிலைப்படுத்தல், சாயமேற்றல் ஆகியவற்றைவிட இந்தப் படியில்தான் பெரும்பாலான தோல்விகள் நேர்கின்றன. எனவே இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் என வெவ்வேறு கால அளவுகளில் சில நுனிகளை வைத்து, உங்கள் ஆய்வகச் சூழலுக்கு எது பொருந்துகிறது என்று முதலில் தேர்ந்துகொள்ளுங்கள்.

பின்னர் நுனிகளை நீரில் அலசி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு தூய அசிட்டிக் அமிலமும் கலந்த, அன்றே தயாரித்த நிலைப்படுத்தியில் ஒருநாள் வையுங்கள். உடனே பயன்படுத்தாவிட்டால் 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் பாதுகாக்கலாம். வேலை தொடங்கும் நாளில் நுனிகளை நீரில் கழுவி, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்தால், செல்களைப் பிணைக்கும் பொருள் இளகித் திசு மென்மையாகும். அமிலம் நீர்க்கும்போது எப்போதும் அமிலத்தையே நீரில் மெதுவாக ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்காப்பும் இன்றி மாணவர்களை இந்தப் படியில் ஈடுபடுத்தவே கூடாது.

இனிச் சாயமேற்றல். இளகிய நுனியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, வேர்மூடியை ஊசியால் நீக்கி, அதன் பின்னால் உள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவிலான, செல்கள் பகுபடும் ஆக்குத்திசுவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அகற்றிவிடுங்கள். ஒரு சொட்டு 2 விழுக்காடு அசிட்டோ ஆர்சீன் விட்டு, சில நிமிடங்கள் ஊறவிட்டு, ஊசியால் திசுவைச் சிதைத்து, மூடுசில்லை வைத்து, மென்மையாகச் சூடாக்குங்கள், கொதிக்கவிடக் கூடாது. பிறகு உறிஞ்சுதாளுக்கு அடியில் வைத்து, மூடுசில் நழுவாமல் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் சிறிது அசைந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் சிதறிவிடும்.

படி 6: எண்ணுதல்

முதலில் 400 மடங்கில் தேடி, குரோமோசோம்கள் நன்கு விரிந்து, செல்லின் எல்லையும் உடையாமல் இருக்கும் செல்களைத் தேர்ந்து, எண்ணெய் வில்லையுடன் 1000 மடங்கில் எண்ண வேண்டும். எண்ணியதை நினைவில் வைக்காமல், ஒவ்வொரு செல்லையும் படமெடுத்தோ வரைந்தோ, ஒவ்வொரு குரோமோசோமின் மீதும் எண்ணிட்டுக் கணக்கிடுங்கள். பத்து நல்ல செல்களாவது கிடைக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

இங்கே எண்ணிக்கைப் பிழை எந்தத் திசையில் சாயும் என்று அறிந்திருப்பது அவசியம். இரண்டு குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் ஒன்றாகத் தெரியும். செல் உடைந்தால் சில வெளியேறிவிடும். ஆகவே பிழைகள் பெரும்பாலும் குறைவாகவே எண்ணவைக்கும். பத்துச் செல்களில் 31, 32, 33 என்று வந்து, தெளிவான செல்களில் 33 மீண்டும் மீண்டும் வருமானால் மரம் மும்மயம்தான். மாறாக ஒரு செல்லில் மட்டும் 44 வந்தால், அருகிலிருந்த இன்னொரு செல்லின் குரோமோசோம்கள் கலந்துள்ளனவா என்று பாருங்கள்.

இந்த எண்ணும் கலையில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. தலச்சேரியில் 1897இல் பிறந்து சென்னையில் பயின்ற ஜானகி அம்மாள், 1930களில் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் சிக்கலான பன்மயத்தை ஆராய்ந்தவர், பிரிட்டிஷ் மரபியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து 1945இல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டவர். தானியங்கிக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஏறத்தாழ இங்கே சொன்ன அதே முறைகளால்தான் அந்தப் பெரும்பணி நடந்தது.

படி 7: கருவி வழிச் சரிபார்ப்பு

நூற்றுக்கணக்கான மரங்களைச் சோதிக்க வேண்டிய இடங்களில் ஃப்ளோ சைட்டோமீட்டர் பயன்படுகிறது. சிறு இலைத்துண்டைக் கூரிய சவரத்தகட்டால் தாங்கற்கரைசலில் நறுக்கி, வெளிவரும் உட்கருக்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, ஒவ்வொன்றின் ஒளிர்வையும் கருவி அளக்கிறது. கருவி தரும் வரைபடத்தில் மும்மயத்தின் உச்சம் இருமயத்தின் உச்சத்தைப் போல ஒன்றரை மடங்கில் அமையும். பி தொகுதி ஏ தொகுதியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறியது என்பதால், அளவீட்டுக்குத் தெரிந்த வகை ஒன்றை உடன்வைப்பது இன்றியமையாதது. கருவி சொல்வது டி.என்.ஏ. அளவைத்தான், குரோமோசோம் எண்ணிக்கையை அன்று. ஒன்றிரண்டு குரோமோசோம்கள் கூடியோ குறைந்தோ இருப்பதை அது தவறவிடக்கூடும்.

படி 8: இரண்டு விடைகளையும் இணைத்தல்

மதிப்பெண் 18, எண்ணிக்கை 22 என்றால் ஏஏ. மதிப்பெண் 18, எண்ணிக்கை 33 என்றால் ஏஏஏ. மதிப்பெண் 47, எண்ணிக்கை 22 என்றால் நெய்ப்பூவனைப் போன்ற ஏபி. 33 என்றால் பெரும்பாலும் ஏஏபி. மதிப்பெண்ணும் எண்ணிக்கையும் முரண்பட்டால், பூவையும் வேரையும் ஒரே தாய்மரத்தின் வழியிலிருந்தே எடுத்தீர்களா என்று முதலில் சோதியுங்கள்; பெயர்ச்சீட்டு மாறிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

எழுத்துக்குறியீடு ஒரு சுருக்கமே என்பதையும் மறக்கக் கூடாது. அண்மை ஆண்டுகளின் மரபணுத்தொகை ஆய்வுகள், ஏஏபி, ஏபிபி வகைகளில் ஏ, பி குரோமோசோம்கள் தமக்குள் பகுதிகளைப் பரிமாறிக்கொண்டிருப்பதைக் காட்டியுள்ளன. மும்மயம் என்றால் முழுமையான மலட்டுத்தன்மை என்பதும் சரியன்று. கற்பூரவல்லியின் அருகே வளமான மகரந்தம் தரும் வாழை இருந்தால், அதன் பழத்தில் கறுப்பு விதைகள் காணப்படுவதுண்டு.

இந்த விவரம் வெறும் அறிவு வேட்கைக்கு உரியது மட்டுமன்று. பி தொகுதியின் பங்கு கூடிய வகைகள் பொதுவாக வறட்சியை நன்கு தாங்குகின்றன. அதே பி தொகுதிக்குள் வாழைக் கீற்று நச்சுயிரியின் மரபுப் பகுதிகள் பதிந்துகிடக்கின்றன. சில கலப்பினங்களில் திசுவளர்ப்பு போன்ற நெருக்கடிகளின்போது அவை விழித்தெழுந்து நோயாக வெளிப்படுகின்றன. திருச்சிராப்பள்ளியில் 1993இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட நிறுவனங்கள், ஒரு வகையைக் கலப்புக்குத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் தொகுதி அமைப்பை முதலில் பார்ப்பது இதனால்தான்.

படி 9: எண்ணிக்கையை மாற்ற விரும்புவோருக்கு

மலட்டு மும்மயத்தை நேரடியாகக் கலந்து புதிய வகை பெறுவது கடினம். 1920களில் டிரினிடாடிலும் ஜமைக்காவிலும் தொடங்கிய வாழைக் கலப்புப் பணியில், ஏஏஏ வகையான குரோஸ் மிஷெல் அரிதாகத் தரும் 33 குரோமோசோம்கள் கொண்ட குறையாத முட்டையை, இருமய மகரந்தத்துடன் சேர்த்து, 44 குரோமோசோம்கள் கொண்ட நான்மயங்களைப் பெற்றனர். இன்னொரு வழி, நல்ல பண்புகள் கொண்ட இருமயத்தின் தொகுதிகளை இரட்டித்து ஏஏஏஏ ஆக்கி, அதை வேறொரு ஏஏவுடன் கலந்து புதிய ஏஏஏ பெறுவதாகும்.

இரட்டிப்பதற்குரிய பழம்பெரும் மருந்து கோல்ச்சிசின். 1937இல் பிளேக்ஸ்லீயும் அவெரியும் செடிகளில் அதன் ஆற்றலை உலகறியச் செய்தனர். பகுப்பின்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்க்கோல் இழைகளை அது உருவாகவிடாமல் தடுக்கிறது. குரோமோசோம்கள் இரட்டிக்கின்றன, செல் பிரிவதில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் இந்தப் பொருளைத் தன் விதையிலும் கிழங்கிலும் கொண்டிருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் அது விதைக்காகவே பயிரிடப்படுகிறது. மிகக் குறைந்த அளவிலும் மனிதரைக் கொல்லவல்ல நஞ்சு அது. ஆகவே பயிற்சி பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், முறையான ஆய்வகத்தில் அன்றி, வீட்டிலோ பள்ளியிலோ இதைக் கையாளக் கூடாது.

ஆய்வகத்தில் திசுவளர்ப்பு முளைநுனிகளைக் கரைசலில் ஊறவைத்துப் பின் நன்கு கழுவி வளர்க்கிறார்கள். பிழைத்து வரும் கன்றுகள் பெரும்பாலும் கலவைகளாகவே இருக்கும்: முளைநுனியின் சில அடுக்குகளில் 22, சிலவற்றில் 44. எனவே ஒரு கன்றை நான்மயம் என்று அறிவிக்குமுன், அதைப் பல சுற்றுகள் பிரித்து வளர்த்து, ஒவ்வொரு சுற்றிலும் இலையைக் கருவியிலும் வேர்நுனியை நுண்ணோக்கியிலும் சோதிக்க வேண்டும். இலையும் வேரும் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து தோன்றக்கூடும் என்பதால், இரண்டிலும் ஒரே விடை தொடர்ந்து வந்தால் மட்டுமே அந்தக் கன்றைத் தோட்டத்துக்கு அனுப்பலாம்.